பெக்கின்பாவின் ‘பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்’: நான்கு பதிப்புகளில் எது அவருடைய படம்?

பாலைக்குதிரை:

சாம் பெக்கின்பா இயக்கிய ‘பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்’ படத்தை இந்த மாதத்தில் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் வேறு வேறு படத்தைப் பார்த்த உணர்வே மிஞ்சியது. 2024-ஆம் ஆண்டு, பழைய படங்களைச் சீரமைத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட வட்டுத் தொகுப்பில் 106 நிமிடத் திரையரங்கப் பதிப்பும், வெளியீட்டுக்கு முன் சோதனையாகக் காட்டிய 122 நிமிட முன்னோட்டப் பதிப்பும், தொகுப்பாளர்கள் பால் சைடரும் ராஜர் ஸ்பாட்டிஸ்வுடும் சேர்ந்து அமைத்த 117 நிமிட ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பும் இருக்கின்றன. இவற்றுக்கு முன்பே, 2005-ல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட 115 நிமிடப் பதிப்பு ஒன்றும் உண்டு. ஒரே படத்துக்கு நான்கு உருவங்கள் இருக்கும்போது, எதைப் பெக்கின்பாவின் படம் என்று சொல்வது?

படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு 1881, இடம் நியூ மெக்சிகோ. சட்டத்தை மீறித் திரியும் பில்லியோடு ஒரு காலத்தில் சேர்ந்து சுற்றிய பேட் காரெட், பெரும் பண்ணை முதலாளிகளின் ஆதரவோடு ஷெரிஃப் ஆகப் போகிறான். பழைய நண்பனைத் தேடி ஃபோர்ட் சம்னருக்கு வந்து, இந்த மண்ணை விட்டுப் போய்விடு என்று சொல்லிப் பார்க்கிறான். பில்லி போகவில்லை. பிடிபடுகிறான், சிறையிலிருந்து காவலர்களைக் கொன்று தப்புகிறான், காரெட் அவனைத் தேடிப் புறப்படுகிறான். ஆனால் இந்தத் தேடலில் வேகமே இல்லை. காரெட் வழியெல்லாம் நின்று நின்று, குடித்து, பழைய ஆட்களைப் பார்த்து, தான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராமல் இருப்பதற்கான காரணங்களைத் தேடுபவன் போலவே நடந்துகொள்கிறான். ஜேம்ஸ் கோபர்னின் நடிப்பில் அந்தத் தயக்கம் ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. பில்லியாகக் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் நடித்திருக்கிறார்.

அப்போது படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆப்ரி. படப்பிடிப்புக் காலத்திலேயே அவருக்கும் பெக்கின்பாவுக்கும் மோதல் முற்றியிருந்தது. 1973 மே மாதத்தில் முன்னோட்டக் காட்சிகள் நடந்தன. அதன் பிறகு நிறுவனம் படத்தைத் தன் கையில் எடுத்துக் குறைத்து, மே 23-ஆம் தேதி 106 நிமிடப் படமாக வெளியிட்டது. பெக்கின்பா 1984 டிசம்பரில் இறந்துபோனார். எம்.ஜி.எம்.மின் பழைய படங்களை வாங்கியிருந்த டர்னர் நிறுவனம் 1988-ல் முன்னோட்டப் பதிப்பை வெளிக்கொண்டு வந்த பிறகுதான், பொதுப் பார்வையாளர்களுக்கு இந்தப் படத்தின் உண்மையான உயரம் தெரிந்தது.

குறைக்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய இழப்பு தொடக்கமும் முடிவும். முன்னோட்டப் பதிப்பு 1909-ல் தொடங்குகிறது. கிழவனாகிவிட்ட காரெட் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்தக் காட்சிக்கு நடுவே 1881-ன் ஃபோர்ட் சம்னர் வெட்டி வெட்டி வருகிறது; அங்கே பில்லியும் கூட்டாளிகளும் மண்ணில் கழுத்துவரை புதைத்த கோழிகளின் தலைகளைக் குறிவைத்துச் சுட்டு விளையாடுகிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் சுட்ட தோட்டா இன்றைய கிழவனின் உடலில் பாய்வது போன்ற தொகுப்பு அது. அந்த விளையாட்டில் வந்து சேர்ந்து இளைய காரெட்டும் சுடுகிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். தன்னையே சுட்டுக்கொள்ளும் மனிதனின் கதை என்று படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. திரையரங்கப் பதிப்பில் 1909 முற்றிலும் இல்லை. பண்ணை முதலாளி ஜான் சிஸத்தைக் காரெட் சந்திக்கும் காட்சியும் இல்லை. ஆகவே காரெட் யாருக்குக் கடன்பட்டவன், அந்தக் கடன் அவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்ற இரண்டும் பார்வையாளருக்குத் தெரியாமல் போயின.

இயக்குநர் தம் கையால் கடைசியாக மக்களுக்குக் காட்டியது முன்னோட்டப் பதிப்பு. அதையே படமென்று கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் பிறர் கைபட்டவை. இதுவே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தொகுப்பறை:

பாலைக்குதிரை அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தொடக்கக் காட்சியைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உடன்பாடு. ஆனால் முன்னோட்டப் பதிப்பே இறுதிப் படம் என்ற முடிவை, தொகுப்பு மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஃபிலிம் காலத்தில் உதவித் தொகுப்பாளராகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு படம் பல கட்டங்களைத் தாண்டித்தான் முடிகிறது. எடுத்த காட்சிகளைக் கதை வரிசையில் கோத்தால் முதல் வடிவம் கிடைக்கும். பிறகு தேவையற்ற காட்சிகள் போகும்; இருக்கும் காட்சிகளுக்குள் நீளம் குறையும்; கடைசியாக ஒவ்வொரு வெட்டும் எந்த ஃபிரேமில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் நுண்ணிய வேலை நடக்கும். முன்னோட்டக் காட்சி என்பது இந்த வேலைக்கு நடுவே கொட்டகையில் உட்கார்ந்து, ஆட்கள் எங்கே நெளிகிறார்கள், எங்கே மூச்சை அடக்குகிறார்கள் என்று பார்ப்பதற்காக வைப்பது. அதைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் காலையில் மீண்டும் கத்தரிக்கோலை எடுப்பதற்காகத்தான் அந்தக் காட்சியே நடத்தப்படுகிறது.

பெக்கின்பாவுக்கு அந்த மறுநாள் காலை கிடைக்கவில்லை. ‘தி வைல்ட் பன்ச்’ படத்தின் படப்பிடிப்பு 1968 கோடையில் முடிந்தது, படம் வெளிவந்தது 1969 ஜூனில்; ஏறத்தாழ ஓராண்டு தொகுப்புக்கு இருந்தது. இந்தப் படத்துக்கோ, 1973 தொடக்கத்தில் படப்பிடிப்பு முடிந்ததிலிருந்து மே மாத வெளியீடு வரை சில மாதங்களே இருந்தன. கோடை விடுமுறைத் தொடக்கத்தில் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நிறுவனம் நெருக்கியது. படத்தின் பெயர்ப் பட்டியலில் தொகுப்பாளர்கள் என்று ஆறு பேரின் பெயர் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது செல்வாக்கின் அடையாளமன்று, அவசரத்தின் அடையாளம். ஆளுக்குச் சில ரீல்களாகப் பிரித்துக்கொண்டு, இரவும் பகலும் வேலை செய்தால்தான் அந்தத் தேதியைப் பிடிக்க முடியும்.

ஆகவே முன்னோட்டப் பதிப்பைப் பார்க்கும்போது, சில காட்சிகள் ஒரு வீச்சு நீண்டுவிட்டதாக எனக்குத் தோன்றும் இடங்கள் பல உண்டு. ஆள் போய்விட்ட பிறகும் சட்டகம் காத்திருக்கும். வசனம் முடிந்த பிறகும் முகம் நிற்கும். சில இடங்களில் அந்தக் காத்திருப்பு அழகு. சில இடங்களில் அது நுண்தொகுப்பு நடக்காததன் தடம். முரண்பாடு என்னவென்றால், நிறுவனம் குறைத்த 106 நிமிடப் பதிப்பில், எஞ்சிய பல காட்சிகளுக்குள் இருக்கும் வெட்டுகள் முன்னோட்டத்தைக் காட்டிலும் இறுக்கமாக உள்ளன. அந்த இறுக்கத்தைச் செய்தவர்களும் பெக்கின்பாவின் தொகுப்பாளர்களே. காட்சிகளைத் தூக்கி எறியச் சொன்னது ஆப்ரி. எஞ்சிய காட்சிகளை மெருகேற்றியது பெக்கின்பாவோடு வேலை செய்தவர்களின் கை. சைடரும் ஸ்பாட்டிஸ்வுடும் 117 நிமிடப் பதிப்பை உருவாக்கியபோது இந்த இரண்டையும் சேர்க்கவே முயன்றார்கள். அந்த ஆறு தொகுப்பாளர்களுள் ஒருவர் ஸ்பாட்டிஸ்வுட் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிலாமுற்றம்:

நான் தொழில்நுட்பம் அறிந்தவளில்லை. ஆனால் ஒரே ஒரு காட்சியை வைத்து என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்லிம் பிக்கன்ஸ் நடித்த ஷெரிஃப் பேக்கர் குண்டடிபட்டு ஆற்றங்கரைக்கு நடந்து போய் உட்காரும் காட்சி அது.

பேக்கர் வயதானவர். இந்த ஊரே வேண்டாம் என்று, தண்ணீரில் மிதந்து வெளியேறுவதற்காகத் தம் வீட்டருகே ஒரு படகைக் கட்டிக்கொண்டிருக்கிறார். காரெட் வந்து துணைக்குக் கூப்பிடுகிறான். மனமில்லாமல்தான் போகிறார். கேட்டி ஹுராடோ நடித்த அவருடைய மனைவியும் துப்பாக்கியோடு கூடவே போகிறாள். சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்ததும், அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஆற்றை நோக்கி நடக்கிறார். மனைவி பின்னால் வந்து, சிறிது தூரத்திலேயே மண்டியிட்டு, அழுதுகொண்டே சிரிக்க முயல்கிறாள். அவர் அவளைப் பார்க்கிறார், தண்ணீரைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார். கட்டிய படகு தண்ணீரைத் தொடவே போவதில்லை.

திரையரங்கப் பதிப்பில் இந்த இடத்தில்தான் பாப் டிலனின் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ பாடல் அவருடைய குரலோடு வருகிறது. இந்தக் காட்சிக்காகவே எழுதப்பட்ட பாடல் அது. முன்னோட்டப் பதிப்பில் இசை மட்டும் உண்டு, பாடும் குரல் இல்லை. நான் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். குரல் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. குரல் இல்லாதபோது நல்ல காட்சியாக இருந்தது, அவ்வளவே. பாலைக்குதிரை அவர்களின் அளவுகோலின்படி குரலில்லாத வடிவமே பெக்கின்பாவின் படம் என்றால், அந்த அளவுகோலை நான் எப்படி ஏற்பது?

பாலைக்குதிரை:

நிலாமுற்றம் அவர்களே, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் நம் தொண்டையை அடைக்க வைப்பது எது என்பதும், இயக்குநர் விரும்பியது எது என்பதும் தனித்தனிக் கேள்விகள். பெக்கின்பா அந்த இடத்தில் குரலை வைக்காமல் விட்டிருக்கிறார். இரண்டு முதியவர்களின் முகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே மூன்றாவது ஆளின் சொற்கள் வர வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கும் அந்தப் பாடல் பிடிக்கும். பிடிப்பதனாலேயே அதைப் படத்துக்குள் திணிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

தொகுப்பறை:

மன்னிக்கவும், இங்கே “திணித்தல்” என்ற சொல் பொருந்தாது. முன்னோட்டப் பிரதியில் இருக்கும் ஒலி இறுதி ஒலிக்கலவை ஆகாது. எந்தப் பாடல் எங்கே வரும், குரலோடா குரலின்றியா என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் கட்டம் அது. முன்னோட்டத்தில் இல்லாத ஒன்றை இயக்குநர் மறுத்துவிட்டார் என்று கொள்வது தவறு. அன்றைய நாளில் அப்படி இருந்தது என்று மட்டுமே நாம் சொல்ல முடியும்.

வரலாற்று வழிப்போக்கன்:

படத்தின் 1909 பற்றி ஒரு சிறு குறிப்பு. உண்மையான பேட் காரெட் கொல்லப்பட்டது 1908 பிப்ரவரி 29 அன்று, நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் அருகே. அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் ஆடுகளை மேயவிட்டதால் தகராறு எழுந்தது. வெயின் பிரேசல் என்பவர் தானே சுட்டதாகச் சொன்னார். தற்காப்புக்காகச் சுட்டதாக அவர் வாதிட, நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. உண்மையில் யார் சுட்டார்கள் என்பது பற்றி நியூ மெக்சிகோவில் இன்றும் வாதம் நடக்கிறது.

படம் அதை வேறொன்றாக மாற்றிக்கொள்கிறது. நிலத்தில் செம்மறி ஆடுகளை மேய்ப்பது பற்றிய சச்சரவு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கொலையில் ஜான் போ இருக்கிறான். 1881-ல் காரெட்டோடு பில்லியைத் தேடிப் போன துணை ஷெரிஃப்தான் அந்த ஜான் போ. நிஜத்தில் போ என்பவர் 1881 ஜூலை 14 இரவு, பீட் மேக்ஸ்வெல் வீட்டில் பில்லி சுடப்பட்டபோது வாசலில் இருந்தவர்; 1908 கொலையில் அவருக்குப் பங்கில்லை. படம் ஏன் அவரை அங்கே கொண்டு போகிறது? காரெட்டைப் பில்லியின் மேல் ஏவிய அதே முதலாளிகளின் கூட்டம், காரியம் முடிந்து காலம் கடந்த பிறகு, காரெட்டையும் தீர்த்துக்கட்டியது என்று சொல்வதற்காகத்தான். ஆகவே கதையின் இரு முனையிலும் நின்ற 1909 காட்சியை நீக்கியது அழகுக்கு நேர்ந்த இழப்பாக மட்டும் நிற்கவில்லை. பெக்கின்பாவும் திரைக்கதை எழுதிய ரூடி வுர்லிட்சரும் அமெரிக்க மேற்கைப் பற்றிச் சொன்ன அரசியல் கருத்தும் அதோடு போய்விட்டது. திரையரங்கப் பதிப்பில் எஞ்சுவது இரு நண்பர்களின் சோகக் கதை மட்டுமே.

கடைசி வரிசை:

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். சில அகலமான காட்சிகளில் ஒரு பகுதி தெளிவாகவும் இன்னொரு பகுதி மங்கலாகவும் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. வட்டின் குறையா, அல்லது படமே அப்படித்தானா? இந்தப் படத்தின் படப்பிடிப்பில் கேமராக் கோளாறு ஏற்பட்டதாக எங்கோ படித்த நினைவு.

தொகுப்பறை:

கடைசி வரிசை அவர்களுக்கு: உங்கள் நினைவு சரிதான். படப்பிடிப்பு மெக்சிகோவின் துராங்கோவில் நடந்தது. கேமராவில் லென்ஸைப் பொருத்தும் வளையம் சிறிது கோணலாக இருந்தது. லென்ஸ் ஃபிலிமுக்கு நேராக உட்காராவிட்டால் சட்டகத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். கண்ணால் வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது இதைப் பிடிப்பது கடினம். எடுத்த ஃபிலிம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், கழுவி, எடுத்ததைச் சரிபார்ப்பதற்கான ரஷ் பிரிண்டாகத் திரும்பி வந்து திரையில் விழும்போதுதான் தெரியும். அதற்குள் பல நாள் வேலை போயிருக்கும். கேமராவைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக்கை உடன் அனுப்பும்படி படக்குழு முன்னரே கேட்டிருந்தது. செலவைக் காரணம் காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது.

கெட்டுப்போன காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்பதே ஆப்ரியின் உத்தரவு. குழுவினர் அதை மீறி, அன்றாட வேலைக்கு நடுவே சிறிது சிறிதாக, நிறுவனத்துக்குத் தெரியாமல் பலவற்றை மறுபடி எடுத்தார்கள். குழுவில் பெரும்பாலோருக்கு ஃப்ளூ காய்ச்சல் வேறு. படப்பிடிப்பு இருபது நாட்களுக்கும் மேல் நீண்டு, செலவு பல லட்சம் டாலர் கூடியது. அந்தக் கூடுதல் செலவே பின்னர் பெக்கின்பாவுக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் ஆனது. ஒரு மெக்கானிக்கின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவும் நடந்ததை நினைக்கும்போது, எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. பெக்கின்பாவின் குடிப்பழக்கமும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடித்தது வளையத்தைக் கோணலாக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நெருக்கடி இருந்தது. லாஸ் வேகாஸில் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது; 1973 டிசம்பரில் திறக்கப்பட்டது. பணத்தையும் கவனத்தையும் அங்கே திருப்பிய உரிமையாளருக்கு, படம் என்பது விரைவில் காசாக வேண்டிய சரக்கு. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்ரி பதவி விலகினார். ஐந்து மாதங்களுக்கு முன்பு விலகியிருந்தால் நாம் இந்த விவாதத்தை நடத்திக்கொண்டிருக்க மாட்டோம்.

சுருள்பெட்டி:

பெக்கின்பாவின் மற்ற இரு வெஸ்டர்ன் படங்களோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

‘தி வைல்ட் பன்ச்’ எளிய வழக்கு. பெக்கின்பா அந்தப் படத்தை முடித்து, அது திரையரங்குகளில் ஓடத் தொடங்கிய பிறகு, கொள்ளைக்கூட்டத் தலைவன் பைக்கின் கடந்த காலத்தைக் காட்டும் நினைவுக் காட்சிகள் உட்படச் சில பகுதிகள் அமெரிக்காவில் நீக்கப்பட்டன. 1995-ல் அவற்றைத் திரும்பச் சேர்த்து 145 நிமிடப் படமாக வெளியிட்டபோது, யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் முடித்துக் கொடுத்த படம் ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே மீட்டார்கள்.

‘மேஜர் டண்டி’ மறுமுனை. 1965-ல் கொலம்பியா வெளியிட்ட படம். படப்பிடிப்பு தொடங்கவிருந்த நேரத்தில் செலவுத் தொகையையும் நாட்களையும் குறைத்தார்கள். இயக்குநரையே மாற்ற நினைத்தபோது, நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் தம் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரைக் காப்பாற்றினார். கடைசியில் படம் பெக்கின்பாவின் கையிலிருந்து போய்விட்டது. 2005-ல் சோனி நிறுவனம் ஏறத்தாழ 12 நிமிடங்களைத் திரும்பச் சேர்த்து 136 நிமிடப் படமாக வெளியிட்டது. அதுகூட பெக்கின்பாவின் படமாகவில்லை. அவர் விரும்பிய காட்சிகள் பல எடுக்கப்படவே இல்லை, எடுத்தவற்றுள் பல காணாமல் போய்விட்டன. அதோடு, பழைய இசை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதால், கிறிஸ்டோஃபர் கலியெண்டோவைக் கொண்டு புதிதாக இசையமைக்க வைத்தார்கள். இயக்குநர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் ஒரு முறைகூடக் கேட்காத இசை அவர் படத்தில் சேர்ந்தது. பழைய இசை கேட்பவரைப் பல இடங்களில் காட்சியை விட்டே துரத்துகிறது என்பது உண்மை. புதிய இசை நன்றாகவே இருக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் அதை ‘மீட்பு’ என்று அழைக்க என் நாக்கு எழவில்லை.

நாம் பேசும் படம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேண்டிய காட்சிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன, பெரும்பாலும் தப்பியும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே: இதுவே முடிவு என்று இயக்குநர் சொன்ன ஒரு நாள். இயக்குநர் மைக்கேல் சிமினோ 2012-ல் தம்முடைய ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் மறுபதிப்பைத் தாமே உடனிருந்து சரிசெய்தார்; அப்படியொரு வாய்ப்பு பெக்கின்பாவுக்கு வாய்க்கவில்லை. ஆகவே அவர் இறந்த பிறகு வருகிற எந்தப் பதிப்பும், எவ்வளவு அன்போடும் அறிவோடும் செய்தாலும், செய்தவரின் தீர்ப்புத்தான். 2005 பதிப்பை ‘இயக்குநர் பதிப்பு’ என்று பெயரிடாமல் சிறப்புப் பதிப்பு என்றே வெளியிட்டதை நான் மதிக்கிறேன்.

நிலாமுற்றம்:

சுருள்பெட்டி அவர்களின் ஒப்பீடு எனக்குப் பெரிதும் உதவியது. 2005 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு காட்சியைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காரெட் தன் மனைவி ஐடாவின் முன் நிற்கும் காட்சி அது. முன்னோட்டப் பதிப்பில் அது இல்லை.

ஐடா மெக்சிகோ வம்சத்துப் பெண். தன் உறவினர்கள் தன்னை ஒதுக்குவதையும், கணவன் வீட்டுக்கே அந்நியனாகிவிட்டதையும் அவள் சொல்கிறாள். அவனோ விறைப்பாக நின்று பேசிவிட்டுக் கிளம்புகிறான். காட்சி சிறியதுதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு, காரெட் விடுதிகளிலும் வழியிலும் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு வேறாகத் தெரிந்தது. பில்லியிடம் போகத் தயங்குகிறவன், வீட்டுக்குத் திரும்பவும் தயங்குகிறான். இரண்டு பக்கமும் கதவு அடைபட்ட மனிதன். முன்னோட்டத்தில் இது இல்லை என்பதற்காக இயக்குநருக்கு வேண்டாத காட்சி என்று தள்ளிவிட்டால், இந்தப் படத்தில் ஒரு மனைவி நின்று தன் குறையைச் சொல்லும் ஒரே இடம் போய்விடும்.

பாலைக்குதிரை:

மூன்று நாட்களாக இந்த இழையில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், முன்னோட்டப் பதிப்பையும் 117 நிமிடப் பதிப்பையும் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வெளிச்சத்தில் காரெட் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைவில் கொண்டு வாருங்கள். ஒரு குடும்பம் தெப்பத்தில் மிதந்து வருகிறது. குடும்பத் தலைவன் தண்ணீரில் மிதக்கும் புட்டியைச் சுட்டு விளையாடுகிறான். காரெட்டும் பொழுதுபோக்காக அதே புட்டியைச் சுடுகிறான். அந்நியன் மிரண்டு காரெட்டை நோக்கிச் சுட, இவன் மரத்தின் பின்னே போய்க் குறி வைக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு எதுவும் நடக்கவில்லை. துப்பாக்கிகள் தாழ்கின்றன, தெப்பம் போய்விடுகிறது. கதைக்கு இது தேவையில்லை என்று நிறுவனம் கருதியது, குழு பிடிவாதமாக எடுத்தது. அந்நியனைக் கொல்லாமல் விட முடிகிறவன் நண்பனைக் கொல்லப் போய்க்கொண்டிருக்கிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தொகுப்பறை அவர்கள் சொன்னது எனக்கு உறைத்தது. எந்தக் காட்சி இருக்க வேண்டும் என்பதில் பெக்கின்பா உறுதியாக இருந்தார். அதற்காகப் படப்பிடிப்பிலேயே போராடினார். ஒவ்வொரு காட்சியும் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காலம்தான் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆகவே இழையின் தொடக்கத்தில் நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். காட்சிகளின் பட்டியலுக்கு முன்னோட்டப் பதிப்பே சான்று என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். 1909 இல்லாத எதையும் நான் இந்தப் படம் என்று ஏற்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வெட்டும் விழும் இடத்துக்கு அதைச் சான்றாகக் காட்டியது என் தவறு. பாடலின் குரல் பற்றி எனக்கும் நிலாமுற்றம் அவர்களுக்கும் இடையே உள்ள கருத்து வேறுபாடு அப்படியே நீடிக்கட்டும்.

சுருள்பெட்டி:

வட்டைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டும். 117 நிமிடப் பதிப்பும் திரையரங்கப் பதிப்பும் 4கே தரத்தில் சீரமைக்கப்பட்டவை. முன்னோட்டப் பதிப்பு அதைவிடக் கூர்மை குறைந்த 2கே. கேமராவில் ஓடிய மூல ஃபிலிமான நெகட்டிவ் என்பது வெளியீட்டுக்காக வெட்டப்பட்ட வடிவில்தான் நிற்கும். முன்னோட்டம் போன்ற இடைக்கால வடிவங்களுக்குப் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்த பிரதியான பாசிட்டிவ் பிரிண்ட் மட்டுமே மிஞ்சும். ஆகவே முன்னோட்டப் பதிப்பில் நிறம் சற்று மங்கியும் நிழல்கள் அடர்ந்தும் தெரிந்தால் உங்கள் தொலைக்காட்சியைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைசி வரிசை:

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு முறை எட்டுப் பேர் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். இந்த ஞாயிறு இந்தப் படத்தைப் போடலாம் என்று இருக்கிறேன். எட்டுப் பேரில் ஆறு பேர் முதன்முறையாகப் பார்ப்பவர்கள். எந்தப் பதிப்பைப் போடுவது?

தொகுப்பறை:

முதல் முறை என்றால் 117 நிமிடப் பதிப்பைப் போடுங்கள். எங்கேயும் தடுக்காமல் போகும்.

பாலைக்குதிரை:

என் வாக்கு முன்னோட்டப் பதிப்புக்கே. சில இடங்களில் தடுக்கினாலும் பரவாயில்லை. பெக்கின்பா விட்டுப்போன இடத்தில் விட்டுப்போனபடியே அது நிற்கிறது. கோழிகளைச் சுடும் காட்சி தொடங்கும் முன்பு யாரும் எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசை:

முன்னோட்டப் பதிப்பையே போட்டோம். சவப்பெட்டி செய்பவராகப் பெக்கின்பாவே வந்து, பில்லியைக் கொல்லப் போகும் காரெட்டிடம் கசப்பாகப் பேசும் இடத்தில் கூடம் முழுக்க அமைதி. பில்லி இறந்த பின் காரெட் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைச் சுட்டபோது பக்கத்தில் இருந்த என் அண்ணன் “ஐயோ” என்றார். படம் முடிந்ததும், நிலாமுற்றம் அவர்களை நினைத்து, திரையரங்கப் பதிப்பிலிருந்து ஆற்றங்கரைக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். நான்கு பேர் குரலோடு இருப்பதே வேண்டும் என்றார்கள், மூவர் வேண்டாம் என்றார்கள். என் அம்மா எதுவும் சொல்லவில்லை. அந்தக் கிழவருடைய படகை அப்புறம் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டார்.